பழைய காரில் எர்த் பிளஸ்ஸா, மைனஸா? பேட்டரியைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

நான் வாங்கிய பழைய காரில் பேட்டரி செத்துக் கிடந்தது. புதுப் பேட்டரி வாங்கி வந்து, பாடியில் போல்ட் போட்டிருந்த கறுப்பு வயரை மைனஸ் முனையிலும் மற்றதைப் பிளஸ் முனையிலும் மாட்டினேன். எல்லா வண்டியிலும் அப்படித்தானே மாட்டுகிறோம் என்ற நினைப்பு. ஹெட்லைட் போட்டேன், பளிச்சென்று எரிந்தது. ஆனால் டேஷ்போர்டில், பேட்டரிக்குள் கரண்ட் போகிறதா (சார்ஜ்), வெளியே வருகிறதா (டிஸ்சார்ஜ்) என்று காட்டும் ஆம்மீட்டரின் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தது. எஞ்சின் ஓடாமல் சார்ஜ் எங்கிருந்து வரும்? அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். மீட்டர் பழுது என்று விட்டுவிட்டேன்.

செல்ஃப் அடித்ததும் எஞ்சின் உடனே பிடித்தது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்ததுதான் தாமதம், பானட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், முள் கடைசிவரை போய் ஒட்டிக்கொண்டது, எரிந்த வார்னிஷ் வாடை வந்தது. டைனமோவை (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் தானியங்கிச் சுவிட்சான கட்-அவுட் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு காண்டாக்ட் முனைகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் பிரிக்க முடிந்தது. அந்தக் கார் பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர வேண்டும்.

புதுக் கட்-அவுட் கிடைக்க மூன்று வாரம் ஆனது. கருகிய வயரை மாற்ற இன்னும் இரண்டு நாள். இதையெல்லாம் தவிர்க்க எனக்குத் தேவைப்பட்டிருப்பது அரை மணி நேரச் சோதனை மட்டுமே. அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எர்த்தை மாற்றியே ஆக வேண்டும் என்பவர்களுக்கான படிகளும் பின்னால் வருகின்றன.

1. முதலில் காகிதங்களைத் தேடுங்கள்

ஸ்பேனரை எடுக்கும் முன் மூன்று காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்: வண்டியோடு வந்த கையேடு, ஒர்க்‌ஷாப் மேனுவல், வயரிங் வரைபடம். மேனுவலின் மின்சாரப் பகுதியில் பேட்டரி விவரத்தோடு எந்த முனை எர்த் என்றும் ஒரு வரி இருக்கும். வரைபடத்தில் பேட்டரியிலிருந்து எந்தக் குறி எர்த் கோட்டுக்குப் போகிறது என்று பாருங்கள்.

வண்டியின் பெயரை மட்டும் நம்பி மேனுவல் வாங்காதீர்கள். ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே எர்த் மாறியிருக்கும். எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1967 வரை டைனமோவோடு பாசிட்டிவ் எர்த்தாக வந்தது, அதற்குப் பிறகு டைனமோவுக்குப் பதில் இன்றைய வகை ஆல்டர்னேட்டர் வந்தபோது நெகட்டிவ் எர்த் ஆனது. ஜாகுவார் ஈ-டைப்பில் 3.8 லிட்டர் எஞ்சின் வண்டி பாசிட்டிவ் எர்த், 1964-ல் வந்த 4.2 லிட்டர் நெகட்டிவ் எர்த். ஆகவே சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணுக்குப் பொருந்தும் வரைபடத்தைத் தேடுங்கள்.

"6 வோல்ட் என்றால் பாசிட்டிவ் எர்த்" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. அமெரிக்க ஃபோர்டு 1955 வரை 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். ஆனால் அதே காலத்துச் செவ்ரோலே 1954 வரை 6 வோல்ட், நெகட்டிவ் எர்த். பழைய 6 வோல்ட் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் நெகட்டிவ் எர்த்தான். வோல்ட் வேறு, எர்த் வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

நான்காவதாக ஒன்றும் தேடுங்கள்: முந்தைய சொந்தக்காரரின் ரசீதுகள். ரேடியோ, ஆல்டர்னேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன் என்று ஏதாவது வாங்கிய ரசீது இருந்தால், நடுவில் யாரோ எர்த்தை மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்தது என்றுதான் மேனுவல் சொல்லும். இன்று எப்படி இருக்கிறது என்பதை வண்டியில்தான் பார்க்க வேண்டும்.

2. கண்ணால் பாருங்கள், பிறகு மீட்டரால் அளந்து பாருங்கள்

பேட்டரியிலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய வயர்களையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஒன்று பாடியிலோ சேஸிஸிலோ போல்ட்டில் முடியும், அதுதான் எர்த். மற்றது செல்ஃப் மோட்டாருக்கோ அதற்குக் கரண்ட் விடும் சுவிட்சான சாலினாய்டுக்கோ போகும், அதுதான் லைவ்.

வயரின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் ஏமாந்தது அங்கேதான். பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு மின்கருவிகள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயரிங்கில் கறுப்பு என்றால் எர்த், பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைவ், வெள்ளை என்றால் இக்னிஷன் சாவி போட்டதும் உயிர் பெறும் வயர், பச்சை அதே வயர் ஃபியூஸைத் தாண்டிய பிறகு. இவற்றில் எதுவும் பிளஸ், மைனஸைச் சொல்லவில்லை. பாசிட்டிவ் எர்த் வண்டியில் கறுப்பு வயர் பிளஸ், பழுப்பு வயர் மைனஸ். புது வண்டியின் பழக்கத்தில் கறுப்பைப் பார்த்ததும் கை மைனஸுக்குப் போகும். போக விடாதீர்கள்.

இப்போது மீட்டர். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத, துருவில்லாத பாடி இரும்பில் வைத்து, சிவப்பு முனையை லைவ் வயரின் டெர்மினலில் வையுங்கள். 12.6 என்று காட்டினால் நெகட்டிவ் எர்த். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறியோடு காட்டினால் பாசிட்டிவ் எர்த். 6 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 6.3 காட்டும்.

ஆனால் இந்த அளவு, இப்போது மாட்டியிருக்கும் பேட்டரி எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். என்னைப்போல் யாராவது தப்பாக மாட்டியிருந்தால் மீட்டரும் அந்தத் தப்பைத்தான் காட்டும். அதனால் இன்னும் இரண்டு சாட்சிகளைக் கேளுங்கள். ஒன்று, ஆம்மீட்டர். எஞ்சினை அணைத்துவிட்டு ஹெட்லைட் போடுங்கள், முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய வேண்டும். சார்ஜ் பக்கம் சாய்ந்தால் பேட்டரி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது யாரோ எர்த்தை மாற்றிவிட்டு மீட்டர் வயரை மாற்ற மறந்திருக்கலாம். எதுவானாலும் தெளியும்வரை எஞ்சினை ஓட்ட வேண்டாம். இரண்டு, சார்ஜ் செய்யும் கருவி. ஆல்டர்னேட்டர் இருந்தால் அநேகமாக நெகட்டிவ் எர்த். டைனமோ இருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

பேட்டரி முனைகளின் பருமனும் உதவும். பிளஸ் முனை சற்றுப் பெரியது, மைனஸ் சற்றுச் சிறியது. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும். பாடியிலிருந்து வரும் வயரின் கிளாம்ப் பெரிய முனைக்கு அளவாக இருந்தால், அது பாசிட்டிவ் எர்த்துக்காகச் செய்யப்பட்ட வயர்.

அபூர்வமாக ஏமாற்றும் ஒரு விஷயமும் உண்டு. அடியோடு காலியான பேட்டரியைச் சார்ஜரில் தலைகீழாக மாட்டினால், அது தலைகீழாகவே சார்ஜ் ஆகிவிடும். அதில் பிளஸ் என்று பொறித்த முனை மைனஸாக இருக்கும். பழைய பேட்டரியைத் திரும்ப மாட்டுகிறீர்கள் என்றால் அதன் இரண்டு முனைகளையும் தனியாக ஒருமுறை அளந்துவிடுங்கள்.

3. கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில்

"மைனஸை முதலில் கழற்று" என்று எங்கும் சொல்லித் தருகிறார்கள். நெகட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டும் அது சரி. எர்த்தை முதலில் கழற்ற வேண்டும் என்பதுதான் உண்மையான விதி. பாசிட்டிவ் எர்த் வண்டியில் முதலில் கழற்ற வேண்டியது பிளஸ்.

காரணம் எளிது. லைவ் கிளாம்பை முதலில் தளர்த்தும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால், பேட்டரியின் முழு கரண்டும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். ஸ்பேனர் பழுத்துவிடும். பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருந்தால் பேட்டரியே வெடிக்கும். எர்த்தை முதலில் எடுத்துவிட்டால், பிறகு ஸ்பேனர் எங்கே பட்டாலும் சுற்று முழுமை ஆகாது. வேலை தொடங்கும் முன் மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றி வையுங்கள்.

4. மாற்றலாமா, இருந்தபடியே விடலாமா?

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். வண்டியில் டைனமோ, பாயின்ட் (திறந்து மூடும் காண்டாக்ட்) வைத்த பழைய இக்னிஷன், சாதாரண பல்புகள் மட்டும் இருந்தால் எர்த்தைத் தொடாதீர்கள். பாசிட்டிவ் எர்த்தாக வந்த வண்டி அப்படியே பல பத்தாண்டுகள் ஓடியிருக்கிறது, இனியும் ஓடும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால் வெளிச்சம் கூடாது, செல்ஃப் வேகமாகச் சுற்றாது.

மாற்ற வேண்டிய நிலை வருவது புதுக் கருவி சேர்க்கும்போதுதான். ஆல்டர்னேட்டர் போடப்போகிறீர்கள் என்றால் மாற்றுவது கிட்டத்தட்டக் கட்டாயம். சந்தையில் உள்ளவை பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கானவை. தலைகீழ் பேட்டரியோடு அவற்றைச் சேர்த்த நொடியிலேயே உள்ளே இருக்கும் டயோடுகள் எரிந்துவிடும். டிரான்சிஸ்டர் ரேடியோ, போன் சார்ஜர், எல்ஈடி விளக்கு, எலக்ட்ரானிக் ஃபிளாஷர் (இண்டிகேட்டரை மினுக்கும் கருவி) எல்லாமே எர்த் எது என்று பார்ப்பவை. எலக்ட்ரானிக் இக்னிஷன் பாசிட்டிவ் எர்த்துக்கென்றும் தனியாகக் கிடைக்கிறது. வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ரேடியோவைப் பாடியிலிருந்து ரப்பர் வைத்துப் பிரித்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார். ரேடியோப் பெட்டி பிரிந்திருக்கும், சரி. ஆன்டெனா வயரின் வெளிப்பின்னல்? அது ஆன்டெனாவின் அடியில் பாடியைத் தொடுகிறது. அந்த வழியாகவே ஷார்ட் ஆகிவிடும்.

செலவைப் பொறுத்தவரை, மாற்றும் வேலைக்கு மட்டும் ஆகும் செலவு மிகக் குறைவு: இரண்டு கிளாம்ப், கொஞ்சம் வயர், ஒரு லேபிள். உண்மையான செலவு எலக்ட்ரானிக் டேகோமீட்டர் (எஞ்சின் சுழலும் வேகம் காட்டும் மீட்டர்), பழைய ரேடியோ, டயோடு வைத்த பெட்ரோல் பம்ப் இவற்றில்தான் ஒளிந்திருக்கிறது. அதனால் முதலில் கணக்கெடுங்கள், பிறகு முடிவெடுங்கள்.

5. வண்டியில் எது கவலைப்படும், எது படாது: கணக்கெடுப்பு

ஒரு தாளில் வண்டியில் உள்ள எல்லா மின்கருவிகளையும் எழுதுங்கள். எனக்கு இதற்கு ஒரு மாலை முழுதும் ஆனது.

பல்புகள், ஹாரன், சூடேறி வேலை செய்யும் பழைய ஃபிளாஷர், பைமெட்டல் (சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு) வைத்த பெட்ரோல் மீட்டர், பைமெட்டல் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஆகியவற்றுக்கு எர்த் எதுவானாலும் ஒன்றுதான்.

செல்ஃப் மோட்டாரும் கவலைப்படாது. அதன் ஃபீல்டும் (அசையாமல் நிற்கும் காந்தப் பகுதி) ஆர்மேச்சரும் (சுழலும் பகுதி) வயர் சுற்றியவை. கரண்ட் திசை மாறும்போது இரண்டும் சேர்ந்து மாறுவதால் சுழலும் திசை மாறாது. ஃபீல்டு காயில் உள்ள பழைய வைப்பர் மோட்டாரும் அப்படியே. என் வண்டி தப்பான பேட்டரியோடும் உடனே கிளம்பியது இதனால்தான். வண்டி கிளம்பிவிட்டது என்பதால் எர்த் சரி என்று ஆகிவிடாது.

நிலைக்காந்தம் வைத்த மோட்டார் என்றால் கதை வேறு. அது திசை மாறிச் சுழலும். கண்ணாடி கழுவும் பம்ப்பில் உடனே தெரிந்துவிடும், தண்ணீர் சரியாக வராது. ஹீட்டர் ஃபேனில்தான் ஏமாறுவோம். உருளை வடிவ ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வழியாகத்தான் வரும், வேகம் மட்டும் குறையும். "ஹீட்டர் பழசாகிவிட்டது" என்று விட்டுவிடுவோம். இரண்டு வயர் உள்ள மோட்டாரில் அவற்றை இடம் மாற்றினால் போதும். ஒரே வயர் வந்து மறுமுனை மோட்டாரின் கூட்டிலேயே எர்த் ஆகியிருந்தால், உள்ளே பிரித்து எர்த்திலிருந்து விலக்க வேண்டும்.

எஸ்.யு. நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்ப்பில் வெறும் பாயின்ட் வகை என்றால் பிரச்சினை இல்லை. பாயின்ட்டுகளில் தீப்பொறியை அடக்க டயோடு வைத்த வகை, முழு எலக்ட்ரானிக் வகை இரண்டும் எர்த் பார்க்கும். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிடுங்கள்.

ஸ்மித்ஸ் எலக்ட்ரானிக் டேகோமீட்டரைப் பிரித்து உள்ளே வயர்களை மாற்ற வேண்டும். பின்பக்கம் வளையமாகச் சுற்றிப்போகும் இக்னிஷன் வயரின் திசையையும் மாற்ற வேண்டும். சாலிடரிங்கில் பழக்கம் இல்லாதவர் இதை மீட்டர் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. வேலை முடிந்து வரும்வரை அதன் வயரை இன்சுலேட் செய்து வைக்கலாம். ஆனால் சில வண்டிகளில் இக்னிஷன் காயிலுக்குப் (பிளக்குக்கு உயர் வோல்ட் உண்டாக்கும் கருவி) போகும் கரண்ட் டேகோமீட்டர் வழியாகவே போகிறது. அங்கே இரண்டு வயர்களையும் தற்காலிகமாக இணைத்தால்தான் எஞ்சின் ஓடும்.

6. மாற்றும் வேலை

இதற்கு ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள். பாதி மாற்றிய நிலையில் இரவு நிறுத்தி வைக்காதீர்கள். மறுநாள் காலையில் எது முடிந்தது, எது பாக்கி என்ற குழப்பத்தில்தான் தவறு நடக்கும்.

முதலில் பேட்டரியைக் கழற்றி வெளியே எடுங்கள். கழற்றும் முன் போன் கேமராவில் எல்லா இணைப்புகளையும் படம் எடுத்துவிடுங்கள்.

கிளாம்ப்: பாடியிலிருந்து வரும் வயரின் கிளாம்ப் பெரிய முனைக்கானது, இப்போது அது சிறிய முனைக்குப் போக வேண்டும். அங்கே தொளதொளவென்று இருக்கும். லைவ் வயரின் சின்ன கிளாம்பைப் பெரிய முனையில் சுத்தியலால் அடித்து ஏற்றும் வேலை வேண்டாம், முனை விரிசல் விட்டு ஆசிட் கசியும். இரண்டு கிளாம்ப்களையும் புதிதாகப் போடுங்கள். பேட்டரியைத் திருப்பி வைக்கும்போது வயர் எட்டுகிறதா என்றும், பேட்டரியைப் பிடிக்கும் இரும்புப் பட்டை லைவ் முனையை உரசாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எம்ஜிபி போல இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த வண்டியில், இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு வயரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை மறந்தால் பேட்டரிகள் ஒன்றையொன்று எதிர்க்கும்.

காயில்: இதன் சின்ன வயர்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். பிளக்கின் நடுமுனை மைனஸாக இருக்கும்போது ஸ்பார்க் குறைந்த வோல்ட்டிலேயே தாண்டும், ஏனென்றால் சூடான நடுமுனையிலிருந்து எலக்ட்ரான்கள் எளிதில் கிளம்பும். வயரை மாற்றாமல் விட்டாலும் எஞ்சின் ஓடும். ஆனால் குளிர்ந்த நேரத்தில் கிளம்பச் சிரமப்படும், ஏற்றத்தில் விட்டுவிட்டு அடிக்கும். நினைவில் வைக்க ஒரு சின்ன விதி: எர்த்தின் குறி எதுவோ, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் (ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் கருவி) போகும் வயர் காயிலில் அந்தக் குறியுள்ள முனையில் இருக்க வேண்டும். நெகட்டிவ் எர்த் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் வயர் மைனஸில். பழைய லூகாஸ் காயில்களில் குறிக்குப் பதிலாக எஸ்.டபிள்யூ. (சுவிட்ச் பக்கம்), சி.பி. (டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம்) என்று எழுதியிருக்கும். அவை பாசிட்டிவ் எர்த் காலத்துக் காயில்கள் என்றால், மாற்றிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் வயர் எஸ்.டபிள்யூ. முனைக்குப் போக வேண்டும். எழுத்தைப் பார்த்து யாரும் திரும்ப மாற்றிவிடாதபடி பக்கத்தில் குறித்து வையுங்கள்.

ஆம்மீட்டர்: பின்னால் உள்ள இரண்டு வயர்களை இடம் மாற்றுங்கள். அவை எப்போதும் உயிரோடு இருக்கும் வயர்கள், ஃபியூஸும் இல்லாதவை. பேட்டரி வெளியே இருக்கும்போதுதான் தொட வேண்டும்.

அப்புறம் கணக்கெடுப்புத் தாளில் மீதி உள்ளவற்றை ஒவ்வொன்றாக முடித்து, முடித்ததை அடித்துவிடுங்கள். முடிக்க முடியாத கருவிகளின் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிக் கட்டி வையுங்கள்.

7. டைனமோவுக்குப் புதிய திசையைப் பழக்குங்கள்

என் கட்-அவுட்டை எரித்தது இந்தப் படி இல்லாததுதான். டைனமோவின் இரும்பில் கொஞ்சம் காந்தம் எப்போதும் மிச்சமிருக்கும். அந்த மிச்சக் காந்தம் எந்தத் திசையில் இருக்கிறதோ, டைனமோ அந்தத் திசையில்தான் மின்சாரம் உண்டாக்கும். பேட்டரியைத் திருப்பினாலும் அதற்குத் தெரியாது. அது பழைய திசையில் வோல்ட்டை ஏற்றுகிறது, கட்-அவுட் மூடுகிறது, பேட்டரியும் டைனமோவும் எதிரெதிராக நிற்பதற்குப் பதில் தொடராகச் சேர்ந்து, நடுவில் தடை ஏதும் இல்லாமல் மோதிக்கொள்கின்றன. அந்தக் காண்டாக்ட்டுகள் உருகாமல் என்ன செய்யும்.

லூகாஸ் டைனமோவில் செய்முறை இது:

பேட்டரியைப் புதிய எர்த்தில் மாட்டுங்கள், எர்த் வயர் கடைசியில். எஞ்சின் ஓடக்கூடாது. டைனமோவின் டி, எஃப் இரண்டு முனைகளிலிருந்தும் வயரைக் கழற்றுங்கள். டி பெரிய முனை, எஃப் சின்ன முனை. ஒரு நீள வயரை எடுத்து, ஒரு நுனியைப் பேட்டரியின் லைவ் முனையில் முதலில் இறுக்கமாகப் பொருத்துங்கள். மறுநுனியால் எஃப் முனையை ஒரு நொடி தொட்டு எடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. சின்னத் தீப்பொறி வரும், பயப்பட வேண்டாம். ஃபீல்டு காயிலின் தடை சுமார் 6 ஓம், ஆகவே 2 ஆம்பியர்தான் ஓடும். தொடுவது டைனமோ பக்கத்தில் இருக்கட்டும், பேட்டரி பக்கத்தில் தீப்பொறி வேண்டாம். வயரை எடுத்துவிட்டு டி, எஃப் வயர்களைத் திரும்ப மாட்டுங்கள்.

இந்த முறையை எல்லா டைனமோவுக்கும் செய்துவிடாதீர்கள். லூகாஸில் ஃபீல்டின் மறுமுனை டைனமோவுக்குள்ளேயே எர்த் ஆகிறது. அந்தக் கால ஃபோர்டிலும் அப்படியே; அங்கே டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து ஃபீல்டு வயரைக் கழற்றி, அதைப் பேட்டரி முனையில் ஒரு கணம் தொடுவார்கள். செவ்ரோலே போன்றவற்றில் ஃபீல்டு ரெகுலேட்டர் வழியாக எர்த் ஆகிறது. அங்கே ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு கணம் வயரால் இணைப்பார்கள். ஒன்றின் முறையை மற்றதில் செய்தால் ரெகுலேட்டர் காண்டாக்ட்டுகள் எரியலாம். உங்கள் டைனமோ எந்த வகை என்று ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எர்த்தை மாற்றாவிட்டாலும் இந்தப் படி தேவைப்படும் நேரங்கள் உண்டு: டைனமோவைப் பழுதுபார்த்து மாட்டும்போது, வேறு வண்டியின் டைனமோவை மாட்டும்போது, வண்டி பல வருடம் நின்றிருந்தபோது. ஐந்து நிமிட வேலை.

8. முதல் ஓட்டம்

எஞ்சினைக் கிளப்பும் முன் ஹெட்லைட் சோதனை: முள் டிஸ்சார்ஜ் பக்கம் போக வேண்டும். போனால் சாவியைத் திருப்பலாம்.

கிளம்பியதும் ஆக்ஸிலேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். முள் நிதானமாகச் சார்ஜ் பக்கம் வர வேண்டும், டேஷ்போர்டில் உள்ள சிவப்புச் சார்ஜ் எச்சரிக்கை விளக்கு அணைய வேண்டும். முள் துள்ளிப்போய் ஒட்டினால் உடனே எஞ்சினை நிறுத்தி எர்த் வயரைக் கழற்றுங்கள். அது அகப்படாத இடத்தில் இருக்கும் வண்டியில் ஸ்பேனரோடு ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

12 வோல்ட் வண்டியில் எஞ்சின் வேகமாக ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரை இருந்தால் நல்லது. இருபது நிமிடம் ஓடவிட்டு, எஞ்சினை அணைத்து, காயில், கட்-அவுட், பேட்டரி கிளாம்ப் மூன்றையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். காயில் சூடாக இருப்பது இயல்பு. கிளாம்ப் சூடாக இருந்தால் இணைப்பு சரியில்லை. ஒரு வாரம் கழித்து கிளாம்ப்களை மறுபடி இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

9. எஞ்சினின் எர்த் பட்டையை மறக்காதீர்கள்

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று இருக்க வேண்டும். அது அறுந்திருந்தால் செல்ஃப் அடிக்கும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாம் எஞ்சினையும் பாடியையும் தொடும் உலோகம்தானே. சோக் குமிழிலிருந்து புகை வருகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பட்டையைத்தான்.

சோதிக்க: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு இருக்கிறது. போல்ட் உட்காரும் இடத்தின் பெயின்ட்டைச் சுரண்டி, பட்டையைப் பளபளப்பான இரும்பில் இறுக்குங்கள். 6 வோல்ட் வண்டியில் இது இன்னும் முக்கியம். அதே வேலைக்கு இரட்டிப்பு கரண்ட் ஓடுவதால், 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய வயர் அங்கே போதவே போதாது.

10. வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது

பாசிட்டிவ் எர்த் வண்டியை இருந்தபடியே வைத்திருப்பவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு வண்டிகளின் பாடியும் ஒன்றையொன்று தொடவே கூடாது. உங்கள் பாடி பிளஸ், உதவ வந்த வண்டியின் பாடி மைனஸ். ஜம்ப் வயர் மாட்டியிருக்கும்போது பம்பர் பம்பரில் உரசினாலே முழு ஷார்ட்.

வயர் எப்போதும் போல்தான்: பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ். ஆனால் "கடைசி கறுப்பு வயரைப் பாடியில் மாட்டு" என்ற வழக்கமான அறிவுரை இங்கே ஆபத்து. உங்கள் பாடியில் கறுப்பை மாட்டினால் மைனஸைப் பிளஸ்ஸில் மாட்டியதாகிவிடும். சிவப்பு வயரின் இரு நுனிகளையும் இரு பேட்டரிகளின் பிளஸ் முனையில் மாட்டுங்கள். பிறகு கறுப்பின் ஒரு நுனியை உங்கள் பேட்டரியின் மைனஸ் முனையிலேயே மாட்டி, கடைசி நுனியை உதவ வந்த வண்டியின் எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். அப்போது வரும் தீப்பொறி இரண்டு பேட்டரிக்கும் தள்ளியே இருக்கும்.

சிகரெட் லைட்டர் துளையில் போன் சார்ஜரைச் செருகாதீர்கள். அதன் வெளிக்கூடு பாடியோடு சேர்ந்தது, அதாவது பிளஸ். சார்ஜர் நடுமுனையில்தான் பிளஸ்ஸை எதிர்பார்க்கிறது. வயரைத் திருப்பி ஒரு தனி சாக்கெட் வைத்தாலும், போனிலிருந்து ரேடியோவுக்கோ பாடிக்கோ ஒரு உலோகத் தொடுப்பு வந்தால் ஷார்ட் ஆகும். போனுக்குத் தனியாக ஒரு பவர் பேங்க் வைத்துக்கொள்வது மேல்.

11. எழுதி ஒட்டுங்கள்

பேட்டரிக்குப் பக்கத்தில், மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில், எண்ணெய் பட்டாலும் அழியாத லேபிளில் எழுதுங்கள்: "பாசிட்டிவ் எர்த், 12 வோல்ட்" அல்லது "நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியது", கூடவே தேதி. காயில் வயர் மாற்றியதை, டைனமோவைப் பழக்கியதை, இன்னும் இணைக்காமல் கட்டி வைத்திருக்கும் கருவிகளை ஒரு தாளில் எழுதி வயரிங் வரைபடத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். நான் என் வண்டியில் இரண்டு லேபிள் ஒட்டியிருக்கிறேன். ஒன்று பேட்டரித் தட்டில், இன்னொன்று புதுக் கட்-அவுட்டின் மூடி மேல்.